பரோட்டாவும் ராமெனும்



மதுரைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் திருமங்கலம் இருக்கிறது. குண்டாற்றங்கரை ஊர், சுற்றிலும் கரிசல் நிலம். மதுரையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலை விருதுநகரை நோக்கிப் போக, ராஜபாளையம், தென்காசி வழியாகக் கொல்லம் செல்லும் சாலை இங்கே பிரிகிறது. சாலைகள் பிரியும் ஊரில் உணவுக் கடைகளுக்குக் குறைவிராது. பொழுது சாய்ந்ததும் கடையின் முகப்பில் பெரிய இரும்புக் கல் சூடேறும். எண்ணெயில் ஊறிய மாவு உருண்டை ஒருவர் கையில் காற்றில் வீசப்பட்டு, மெல்லிய துணிபோல் விரிந்து, சுருண்டு, வட்டமாகிக் கல்லில் விழும். கொத்துப் பரோட்டாவுக்குத் தகரம் தட்டும் ஓசை தெருக்கோடி வரையில் கேட்கும். லாரி ஓட்டுநரும், ஆலைத் தொழிலாளியும், கடைசிப் பேருந்துக்குக் காத்திருக்கும் மாணவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து, சால்னாவை ஊற்றிப் பிசைந்து உண்பர்.

நாம் அரிசி உண்ணும் மக்கள். ஆயினும் நம் மாலைப் பொழுதின் எளிய விருந்து கோதுமை மாவினால் ஆயது. இது எவ்வாறு நேர்ந்தது? இதே கேள்வியை வடகிழக்கே கடல் கடந்து ஜப்பானில் கேட்டாலும் பொருந்தும். அவர்களும் அரிசி உண்ணும் மக்கள். அவர்களுடைய மாலை நேர எளிய விருந்தும் கோதுமை மாவினால் ஆயது. அதன் பெயர் ராமென். அதிலும், புளிக்கவைத்த சோயா விழுதைக் கரைத்துச் செய்யும் ‘மிசோ ராமென்’ என்பதைப் பற்றியே இன்று பேசக் கருதுகிறேன். திருமங்கலத்துப் பரோட்டாக் கடையை அறிந்தவர்களுக்கு அதை விளக்குவது கடினமன்று.

ராமென் என்பது இறைச்சியும் எலும்பும் நெடுநேரம் கொதித்த சாற்றில், நூல்போன்ற கோதுமைச் சேமியாவை இட்டு, மேலே காய்கறியும் இறைச்சியும் வைத்துத் தரும் ஒரு கிண்ண உணவு. ஜப்பானுக்கே உரியது என்று உலகம் கருதினாலும், அதன் பிறப்பு சீன நாட்டைச் சார்ந்தது. யோகோஹாமா முதலிய துறைமுகங்களில் குடியேறிய சீனர்கள் தங்கள் ஊர் உணவைச் சமைத்தனர். 1910ஆம் ஆண்டில் டோக்கியோவின் அசாகுசா பகுதியில், ஒசாகி கானிச்சி என்னும் ஜப்பானியர் சீனச் சமையற்காரர்களை அமர்த்தி ‘ராய்ராய்கென்’ என்ற கடையைத் திறந்தார். சீனர் உணவு ஜப்பானியப் பொதுமக்களின் உணவாக மாறிய வரலாற்றில் அக்கடைக்கு முக்கிய இடம் உண்டு.

அந்நாளில் இவ்வுணவுக்கு ராமென் என்ற பெயர் பரவலாக வழங்கவில்லை. ‘ஷினா சோபா’ என்றே அழைத்தனர். ‘ஷினா’ என்றால் சீனம். ‘சோபா’ என்பது சேமியா போன்ற உணவின் பெயர். ஆனால் சீனத்தின்மீது ஜப்பான் படையெடுத்த காலத்தில் ‘ஷினா’ என்ற சொல்லில் இகழ்ச்சி ஏறிவிட்டது. போருக்குப் பின் அச்சொல்லைக் கைவிட்டு, ‘சூகா சோபா’ என்று வழங்கலாயினர்.

இவ்விடத்தில் சப்போரோ நகரில் வழங்கும் ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும். வடக்கே ஹொக்கைடோ தீவிலுள்ள இந்நகரில், பல்கலைக்கழக வாயிலுக்கு அருகே, 1922ஆம் ஆண்டில் ‘தக்கேயா’ என்ற உணவுக்கடை தொடங்கியது. கணவனும் மனைவியுமாக நடத்திய கடை அது. சமையலுக்கு ஒரு சீனர் இருந்தார். பல்கலைக்கழகத்தில் பயின்ற சீன மாணவர்கள் அங்கே உண்ண வருவர். உள்ளூர் வாடிக்கையாளர் சிலர், சீனரை இழித்துரைக்கும் சொல்லையே உணவின் பெயராகச் சொல்லி, ‘அதில் ஒன்று கொடு’ என்று உரக்கக் கேட்பார்களாம். பக்கத்துப் பலகையில் அமர்ந்திருந்த சீன மாணவர்கள் தலை குனிவார்களாம். அது கண்டு பொறாத கடைக்காரரின் மனைவி, உணவின் பெயரையே மாற்றிவிட முடிவு செய்தார். சமையற்காரர், உணவு ஆயத்தமானதும் ‘ஆயிற்று’ என்னும் பொருளில் சீன மொழியில் குரல் கொடுப்பார். அக்குரலின் ஈற்றொலியைக் கொண்டு ‘ராமென்’ என்று பெயரிட்டார் என்பர். ராமென் என்ற சொல்லின் மூலத்துக்கு வேறு விளக்கங்களும் உண்டு. மாவைக் கையால் இழுத்துச் செய்யும் ‘லாமியன்’ என்ற சீனச் சொல்லே மூலம் என்பார் பலர். சொல் எங்கிருந்து வந்திருப்பினும், தன் கடையில் உண்ண வந்த அயல்நாட்டு மாணவன் அவமதிக்கப்படக் கூடாது என்று ஒரு பெண்மணி எண்ணியதாகச் சொல்லும் அவ்வரலாறு நினைவிற்கொள்ளத் தக்கது. இதற்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

அடுத்து, அரிசி மக்கள் கோதுமைக்கு மாறிய கதை. 1942 மார்ச்சு மாதத்தில் ஜப்பானியப் படை ரங்கூனைக் கைப்பற்றியது. அதனால் சென்னை மாகாணத்துக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. பங்கீட்டுக் கடைகளின் காலம் பிறந்தது. கோதுமை உண்ணப் பழகாத வீடுகளிலும் கோதுமை புகுந்தது. பின்னர், 1956ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு வந்தது. தமிழகத்தில் பரோட்டா பரவியதற்கு இத்தட்டுப்பாடும் இக்கோதுமையும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. மறுபுறம், 1945இல் போரில் தோற்ற ஜப்பானின் நிலையும் அதுவே. கொரியாவிலிருந்தும் தைவானிலிருந்தும் வந்த அரிசி நின்றது, விளைச்சலும் பொய்த்தது. அங்கும் அமெரிக்கக் கோதுமை மாவு வந்திறங்கியது. சீனத்திலிருந்து திரும்பிய ஜப்பானியர் பலர், அங்கே கண்டறிந்த சமையலைக் கொண்டு தெருவோரத்தில் தள்ளுவண்டிக் கடை வைத்தனர். நமக்கு அரிசியை நிறுத்திய படையின் நாடே, சில ஆண்டுகளுக்குள் அரிசியின்றி அதே மாவுக்குக் கையேந்தி நின்றது. பஞ்சத்துக்கு வென்றவன், தோற்றவன் என்ற வேறுபாடு தெரியாது.

ஒசாகா நகரில், ஒரு கிண்ணம் சூடான ராமெனுக்காகக் குளிரில் மக்கள் நீண்ட வரிசையில் நின்ற காட்சியே தம்மைத் தூண்டியது என்று பிற்காலத்தில் கூறியவர் ஆண்டோ மோமோஃபுக்கு. அவர் 1958இல் எண்ணெயில் பொரித்து உலர்த்திய உடனடிச் சேமியாவைக் கண்டுபிடித்தார். இன்று நம் மாணவர் விடுதிகளில் வெந்நீரில் வேகும் பொட்டலங்கள் யாவும் அந்தக் கண்டுபிடிப்பின் வழித்தோன்றல்களே.

மிசோ ராமென் பிறந்தது மீண்டும் சப்போரோவில். ‘அஜி நோ சம்ப்பேய்’ என்ற சிறு கடையை நடத்திய ஓமியா மொரிதோ என்பவர், 1950களின் நடுவில் அதை உருவாக்கினார். ஜப்பானிய வீடுகளில் நாள்தோறும் மிசோச் சாறு உண்டு. நம் வீட்டு ரசத்தைப் போன்றது அது. வாடிக்கையாளர் ஒருவர், பன்றி இறைச்சி இட்ட மிசோச் சாற்றிலேயே சேமியாவைப் போட்டுத் தரும்படி கேட்டது இதற்குத் தொடக்கம் என்பர். பலமுறை முயன்று, சரியான கலவையைக் கண்டபின், அவர் அதைக் கடையின் உணவுப் பட்டியலில் சேர்த்தார். 1960களில் அதன் புகழ் நாடெங்கும் பரவியது. சீன உணவு ஒன்று, ஜப்பானிய வீட்டு அடுக்களையின் சுவையை ஏற்றுக் குடியுரிமை பெற்றது இவ்வாறுதான்.

இனி அதன் செய்முறையைக் கவனிப்போம். பரோட்டா மாவை வீசினால் கிழியாமல் விரிவது ஏன்? கோதுமையிலுள்ள இருவகைப் புரதங்கள், நீர் சேர்த்துப் பிசையும்போது ஒன்றோடொன்று பின்னிப் பசையம் என்னும் வலையாகின்றன. மாவை எண்ணெயில் ஊறவைத்தால் அவ்வலை தளர்ந்து நீளும் தன்மை பெறும். ராமென் செய்வோரும் இப்பசையத்தையே நம்புகின்றனர். ஆனால் அவர்களுக்கு வேண்டுவது நீளும் தன்மை மட்டுமன்று, கொதிநீரில் குழையாத உறுதியும் ஆகும். அதற்காக மாவில் ‘கான்சுய்’ என்னும் காரநீரைச் சேர்க்கின்றனர். அது சோடியம் கார்பனேட்டு, பொட்டாசியம் கார்பனேட்டு ஆகிய உப்புகளின் கரைசல். இது நமக்குப் புதிதன்று. மதுரைப் பகுதியில் குடிசைத் தொழிலாகப் பல்லாயிரம் பெண்கள் அப்பளம் இடுகின்றனர். உளுத்தமாவில் அவர்கள் சேர்க்கும் அப்பளக்காரமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. காரம் சேர்ந்ததும் கோதுமைப் பசையம் இறுகுகிறது. மாவில் நிறமின்றி மறைந்திருந்த பொருள்கள் மஞ்சள் நிறம் கொள்கின்றன. ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் செந்நிறம் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பொருள்கள் வேறாயினும், காரத்தால் நிறம் மாறும் அடிப்படை ஒன்றே. ஆகவே சப்போரோச் சேமியா மஞ்சளாகவும் சுருளாகவும் பருமனாகவும் இருப்பது கண்டு, முட்டை சேர்த்ததாகவே எண்ணிவிட வேண்டா.

அடுத்தது மிசோ. இது சோயா மொச்சை, உப்பு, ‘கோஜி’ ஆகிய மூன்றின் சேர்க்கை. கோஜி என்பது என்ன? வேகவைத்த அரிசியின்மீது ஒருவகை நல்ல பூசணத்தின் வித்தைத் தூவி, இளஞ்சூட்டில் ஏறத்தாழ இரண்டு நாள் வளரவிடுவர். ‘அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே’ என்பது அப்பூசணத்தின் அறிவியற் பெயர். வெண்பட்டு போர்த்தியதுபோல் அரிசி முழுதும் அது படரும். அவ்வரிசியை, அவித்து மசித்த சோயாவோடும் உப்போடும் கலந்து தொட்டியில் அழுத்தி வைப்பர். வெண்மிசோ சில வாரங்களில் பக்குவமாகும். செம்மிசோவுக்குப் பல மாதங்கள், சில வேளை ஓராண்டுக்கு மேலும் ஆகும்.

தொட்டிக்குள் நடப்பதென்ன? பூசணம் சுரந்த நொதிகள், அரிசியின் மாவுப் பொருளைச் சர்க்கரையாகவும், சோயாவின் புரதத்தை அமினோ அமிலங்களாகவும் சிதைக்கின்றன. தீய நுண்ணுயிர்கள் பெருகாதபடி உப்பு காவல் நிற்கிறது. நாள் செல்லச் செல்லச் சர்க்கரையும் அமினோ அமிலமும் கூடி வினைபுரிய, விழுதின் நிறம் கருஞ்சிவப்பாகிறது. தோசை முறுகும்போதும், பரோட்டா பொன்னிறம் கொள்ளும்போதும் நடைபெறும் வேதிவினையும் இத்தகையதே. கல்லில் இரண்டு நிமிடத்தில் நடப்பது தொட்டியில் ஓராண்டு நிதானமாக நடக்கிறது.

நம் இட்லி மாவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். உளுந்தையும் அரிசியையும் ஊறவைத்து அரைத்து, இரவு முழுவதும் மூடி வைக்கிறோம். தானியத்தில் இயல்பாகவே உள்ள பாக்டீரியங்கள் பெருகி, லாக்டிக் அமிலத்தால் புளிப்பையும், வாயுவால் பொங்குதலையும் தருகின்றன. நமக்கு ஓர் இரவு போதும். அவர்களுக்கு ஒரு பருவம் வேண்டும். நம்முடையது புளிப்பு, அவர்களுடையது ‘உமாமி’. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு ஆகியவற்றுக்கு அப்பால், நாவில் நின்று நிலைக்கும் ஒரு சுவையை 1908ஆம் ஆண்டில் கடற்பாசிச் சாற்றிலிருந்து ஆராய்ந்து, அது குளூட்டாமிக் அமிலத்தால் ஆவது என்று கண்டு, அதற்கு அப்பெயரிட்டவர் டோக்கியோப் பேராசிரியர் இக்கேதா கிக்குனாயே. பழுத்த தக்காளியிலும் எலும்புச் சாற்றிலும் இச்சுவை உண்டு. சால்னாவைப் பாத்திரம் வழித்து உண்ணச் செய்வதில் இதற்கும் பங்குண்டு என்க.

இப்போது, திருமங்கலத்து மாணவன் ஒருவன் சப்போரோவில் படிக்கச் சென்றிருப்பதாக வைத்துக்கொள்வோம். அவ்வூரில் ஒரு குளிர்காலத்தில் விழும் பனியைக் கூட்டிப் பார்த்தால் நான்கு ஐந்து மீட்டர் உயரம் வரும். கரிசல் வெயிலில் வளர்ந்த பிள்ளை, விரல் விறைக்க ஒரு ராமென் கடையின் துணித்திரையை விலக்கி நுழைகிறான். உள்ளிருந்து பலர் ஒரே குரலில் ‘இராஷ்ஷாய்மாஸே’ என்று வரவேற்கின்றனர். ‘வாங்க தம்பி, உட்காருங்க’ என்று நம் ஊரில் கேட்கும் குரலே அது. பல கடைகளில் வாயிலருகே ஓர் இயந்திரம் நிற்கும். பணத்தை இட்டு, வேண்டிய உணவின் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். ஒரு கிண்ணத்தின் விலை பெரும்பாலும் ஏறத்தாழ ஆயிரம் யென். சீட்டைக் கொடுத்துவிட்டு, அடுப்பை நோக்கிய நீண்ட பலகையின் முன் அமர வேண்டும். குடிநீர் இலவசம்.

கண்ணெதிரே சமையல் நடைபெறும். ஆழமான இரும்புச் சட்டியில் பன்றிக் கொழுப்புக் காய்ந்ததும், பூண்டும் கொத்திய இறைச்சியும் வெங்காயமும் முளைகட்டிய பயறும் பெருந்தீயில் வதங்கும். அதில் மிசோ விழுதை இட்டுப் புரட்டி, மணம் எழுந்ததும் எலும்புச் சாற்றை ஊற்றுவர். மறுபுறம் சேமியா வெந்துகொண்டிருக்கும். வடித்து, உதறி, கிண்ணத்தில் சேர்த்து, மேலே வெங்காயத் தாளும் மூங்கிற் குருத்தும் வைப்பர். ஹொக்கைடோவில் சோளமும் வெண்ணெயும் மிகுதியாகக் கிடைப்பதால் அவற்றைச் சேர்ப்பதும் உண்டு. மேலே மிதக்கும் கொழுப்புப் படலம், சாறு எளிதில் ஆறிவிடாமல் மூடிபோல் காக்கும். பனி நாட்டின் தேவையறிந்து அமைந்தது இது. ஆவி எழவில்லையே என்று நம்பி வாயில் வைத்தால் நாக்கு வெந்துவிடும்!

உண்ணும் முன் ‘இதாதகிமாஸு’ என்பர். பணிவுடன் பெற்றுக்கொள்கிறேன் என்பது கருத்து. பின், சேமியாவைக் குச்சியால் எடுத்து, ஓசையெழ உறிஞ்சுவர். ‘உறிஞ்சிச் சாப்பிடாதே’ என்று பாட்டியிடம் குட்டு வாங்கிய நம் மாணவன் திகைப்பான். ஆனால் அங்கே அது குற்றமன்று. சூடும் தணிகிறது, மணமும் மூக்கை எட்டுகிறது. குச்சியைச் சோற்றுக் கிண்ணத்தில் நட்டு வைப்பதுதான் அவர்களுக்குப் பெருங்குற்றம். இறந்தோர்க்குப் படைக்கும் முறை அது. சேமியா சாற்றில் ஊறிக் குழையுமுன் உண்டு முடிக்க வேண்டும் ஆதலால், அரட்டைக்கு அங்கே இடமில்லை. பத்துப் பதினைந்து நிமிடத்தில் எழுந்து, பின்னால் நிற்பவருக்கு இடம் விட வேண்டும். விடைபெறும்போது ‘கோச்சிசோசாமா’ என்பர். ஓடியாடி இவ்விருந்தைத் திரட்டினீர்களே என்று நன்றி சொல்வதாக அச்சொல் அமைந்திருக்கிறது. தனியே இனாம் கொடுக்கும் வழக்கம் இல்லை.

புலால் உண்ணாதவர்களும் பன்றி இறைச்சியை விலக்கியவர்களும் கேட்டறிந்தே உண்ண வேண்டும். மேலே வைத்த இறைச்சியை எடுத்துவிட்டால் போதாது; சாறே எலும்பில் ஆயது. மிசோ விழுது பெரும்பாலும் தானியமும் பருப்புமே ஆனாலும், மிசோச் சாற்றில் உலர்ந்த மீனின் சாரம் கலந்திருக்கும். அம்மீன் வேறன்று, தூத்துக்குடிக்காரர்களும் இலங்கைத் தமிழரும் அறிந்த மாசிக்கருவாட்டுக்குரிய சூரை மீனே. சைவ ராமெனும் ஹலால் ராமெனும் தரும் கடைகள் இப்போது ஜப்பானில் உண்டு. தன் நெறியைத் தயங்காமல் சொல்லிக் கேட்பதில் நாணம் வேண்டா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து கிராம் உப்புக்குக் குறைவாக உண்பதே நன்று என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. ராமென் கிண்ணத்தின் சாறு முழுவதையும் குடித்தால் ஒரே வேளையில் அவ்வளவு உப்பும் உடலில் சேரக்கூடும். ஆகவே, சாற்றில் ஒரு பகுதியை விட்டுவிடுவோர் ஜப்பானிலேயே பலர். நம் பரோட்டாவும் மைதாவும் எண்ணெயும் ஆனதே. இரண்டும் நாள்தோறும் உண்ணத்தக்கவை அல்ல, ஆசைக்கு உண்ணத்தக்கவை.

இந்நாளில் மிசோ ராமென் உண்ணச் சப்போரோ செல்ல வேண்டியதில்லை. சென்னையைச் சுற்றி ஜப்பானியத் தொழிற்சாலைகள் பெருகியபின், அங்கு ஜப்பானிய உணவகங்களும் தோன்றியுள்ளன. நாமே செல்லாவிட்டாலும் அயலாரின் உணவு நம்மிடம் வந்துசேரும் காலம் இது. அயலார் மட்டுமா? புளிக்கவைத்த சோயா நம் நாட்டிலேயே பழமையான உணவு. நாகாலாந்தில் ‘அகுனி’, மணிப்பூரில் ‘ஹவாய்ஜார்’, சிக்கிமில் ‘கினேமா’ என்று அதற்குப் பெயர். அவற்றின் மணம் மிசோவினும் கடுமையானது. அப்பகுதி மாணவர்கள் நம் மதுரையிலும் சென்னையிலும் வந்து தங்கிப் படிக்கின்றனர். அவர்களுள் ஒருவர் ஊரிலிருந்து வந்த பொட்டலத்தை விடுதி அறையில் பிரிக்கும்போது, பக்கத்து அறைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏளனமாக ஒரு சொல் சொன்னால், அவர் அப்பொட்டலத்தை மூடிவிடுவார். தாய் அனுப்பிய உணவை மறைவாக உண்ண நேர்வது எத்துணைத் துன்பம்! நம் கருவாட்டுக் குழம்பின் மணத்துக்காக வேற்றூரில் நம் பிள்ளை ஒருவன் இதே துன்பத்தை அடையக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

சப்போரோக் கடையின் அம்மையார் பெரிய சட்டம் எதையும் இயற்றவில்லை. ஒரு சொல்லை மாற்றினார் என்பதே அவரைப்பற்றிய வரலாறு. அடுத்த அறையிலிருந்து பழகாத மணம் ஒன்று வருமானால், ‘இது என்ன நாற்றம்’ என்று கேட்பதற்கு மாறாக, ‘இதை எப்படிச் செய்கிறார்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வியோடு கதவைத் தட்டுகிறவனுக்கு ஒரு வாய் உணவு கிடைக்காமற் போகாது. பதிலுக்கு அவரைத் திருமங்கலத்துக்கு அழைத்துச் சென்று, இரண்டு பரோட்டா வாங்கிக் கொடுங்கள்.